என் சொந்த ஊரடங்கு

ஊரடங்கு எல்லோருக்கும் ஏதோ ஒரு நாளில் முடிந்தது. எனக்கு அது முடிந்துவிடாதபடி நானே பார்த்துக்கொண்டேன்.

தொடங்கிய நாளை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: 2020 மார்ச் 25. முடிந்த நாளைக் கேட்டால் ஆளுக்கு ஒரு தேதி. எங்கள் தெரு டீக்கடைக்காரருக்கு, பார்சல் மட்டும் என்ற நிலை மாறி கிளாஸில் டீ ஆற்றிக் கொடுத்த நாள். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு, பெரிய கோயில்கள் நடை திறந்த 2020 செப்டம்பர் 1. சினிமாக்காரர்களுக்கு நவம்பர் 10. காகிதக் கணக்குப்படி பார்த்தால், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டிருந்த உத்தரவுகள் 2022 மார்ச் 31-ஓடு காலாவதியாயின. இந்தத் தேதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். நினைவாற்றல் காரணம் இல்லை. ஒவ்வொரு தளர்வு வரும்போதும் என் கையிலிருந்த ஒரு சாக்கு செத்துப்போனது. வேறொன்றை நான் தேட வேண்டியிருந்தது. அதனால் மறக்கவில்லை.

பேராவூரணிப் பக்கம் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்குத் தென்னந்தோப்பு. அதைவிட முக்கியமாக, அந்த வட்டாரத்தில் அவர் மொய் எழுதுகிறவர். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து மொய் விருந்துகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, பல வருடமாக வெளியே செய்த மொய்யையெல்லாம் ஒரே நாளில் திரும்ப வாங்குகிற ஏற்பாடு. வட்டியில்லாக் கடன் என்று பத்திரிகைகள் எழுதுவது பாதிதான் சரி. பணம் திரும்பி வருவது மட்டுமல்ல. ஆள் வந்தானா என்பதும் அங்கே கணக்கு. யார் எவ்வளவு, எந்த ஊர், யார் மகன், பழைய பாக்கி எவ்வளவு, அதற்கு மேல் புதுசாக வைத்தது எவ்வளவு என்று எல்லாம் நோட்டில் ஏறும். அத்தான் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் அவரைத்தான் மேசையில் உட்காரவைப்பார்கள். தன் வீட்டு நோட்டையும் அவர் அப்படியே வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் ஒரே நோட்டில். துக்கத்தில் வந்ததைத் தனியாக எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால், "மனுசன் ஒருத்தந்தானய்யா வந்தான், ரெண்டு நோட்டு எதுக்கு?" என்பார்.

2020 ஆடி பிறந்து சில நாளில் அவர் இறந்துபோனார். கொரோனா இல்லை; மாரடைப்பு. விடியற்காலையில் அக்கா மகன் போன் செய்தான்.

அப்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. சென்னையிலிருந்து ஒருவன் வருகிறான் என்றாலே மற்ற ஊர்களில் கதவைச் சாத்திக்கொண்ட காலம். வந்தவனுக்குச் சோதனை, அப்புறம் தனிமை, வீட்டு வாசலில் ஸ்டிக்கர். எனக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, கூடவே சர்க்கரை. பயந்தேன். இந்தப் பயத்துக்காக நான் இங்கே மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அன்றைக்குப் பயப்படாதவன் ஒன்று டாக்டர், இல்லையென்றால் முட்டாள்.

ஆனால் இ-பாஸ் கொடுப்பதற்கு அரசு ஒப்புக்கொண்டிருந்த ஒருசில காரணங்களில் நெருங்கிய உறவினரின் சாவும் ஒன்று. கல்யாணம், மருத்துவம், சாவு. இணையதளத்தில் ஆதாரையும் வண்டி நம்பரையும் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு நிராகரித்துவிட்டார்கள் என்பது உண்மை. புரோக்கர்கள் பாஸ் விற்றுப் பிடிபட்ட செய்திகளும் வந்தன. எனவே "போட்டேன், ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று யார் சொன்னாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் போடவே இல்லை.

அக்கா மகனிடம் போட்டிருப்பதாகச் சொன்னேன். மதியம் அவன் மறுபடி கூப்பிட்டபோது ரிஜெக்ட் ஆகிவிட்டது என்றேன். "மெசேஜ் வந்துச்சா மாமா? எனக்கு அனுப்புங்க, இங்க கலெக்டர் ஆபீஸ்ல தெரிஞ்சவங்க இருக்காங்க, பேசிப் பார்க்கிறேன்" என்றான். நல்ல பையன். அப்பாவைக் கிடத்தி வைத்துவிட்டு மாமாவுக்குப் பாஸ் வாங்க அலைகிறான். எங்கள் கம்பெனியில் ஒருவருக்கு முந்தைய வாரம் உண்மையாகவே ரிஜெக்ட் ஆகியிருந்தது. அதைப் படம் பிடித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு அரசாங்கத்தைத் திட்டியிருந்தார். அந்தப் படத்தை எடுத்தேன். பெயர் இருந்த பகுதியை வெட்டினேன். அனுப்பினேன். எங்கள் அம்பத்தூர் கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறவன். முப்பது வருடமாக வவுச்சர் சரிபார்க்கிறவன். போலி ஒன்றைத் தயாரிப்பதற்கு எனக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"சரி மாமா" என்று பதில் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

காரியத்தன்று மகனுக்குத் தாய்மாமன்தான் தலைப்பாகை கட்ட வேண்டும். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியதும் நான்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தானே. சித்தப்பா மகன் அறந்தாங்கியில் இருந்தான். அவன் போய் இரண்டையும் செய்தான். செலவுக்குப் பணம் அனுப்பட்டுமா என்று என் மனைவி கேட்டாள். "நேர்ல போய்ச் செஞ்சுக்கலாம், இப்ப அனுப்பினா மொக்கையா இருக்கும்" என்றேன். கம்பெனியில் அந்த மாதங்களில் பாதிச் சம்பளம். செய்முறை என்று ஆரம்பித்தால் கோடித் துணி, காரியச் செலவில் பங்கு, வண்டி வாடகை என்று எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். துக்கம் கேள்விப்பட்ட அன்று மாலைக்குள் இந்தக் கூட்டலைப் போட்டு முடித்துவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இதெல்லாம் ஊரடங்குக்குள் நடந்தது. ஊரடங்குக்குள் செய்ததை மன்னிக்க உலகம் தயாராக இருந்தது. எல்லோருமே ஏதோ ஒன்றை விட்டிருந்தோம். எனக்குள்ளிருந்த ஆள் யார் என்று தெரிந்தது தளர்வுகள் வரத் தொடங்கியபோதுதான்.

ஆகஸ்ட் 17 முதல் இ-பாஸ் கேட்ட எல்லோருக்கும் உடனே கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. ஆதார் அல்லது ரேஷன் கார்டு நம்பரும் போன் நம்பரும் போதும். மறுநாள், ஆகஸ்ட் 18, சென்னையில் டாஸ்மாக் திறந்தார்கள். மற்ற மாவட்டங்களில் மே மாதமே திறந்து, உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, உச்ச நீதிமன்றம் தடை கொடுத்து, மறுபடி திறந்திருந்தார்கள். சென்னைக்காரர்கள்தான் அதுவரை காத்திருந்தோம். ஒரே வாரத்தில், அடுத்தடுத்த நாளில், எனக்கு இரண்டு கதவுகள் திறந்தன. கடைக்கு ஒரு நாளுக்கு 500 டோக்கன் என்றார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வட்டத்துக்குள் நின்று, டோக்கன் வாங்கி, என் சாதாரண வாழ்க்கைக்கு நான் திரும்பினேன். அதிகம் குடிப்பவன் இல்லை நான். அதுதான் இன்னும் மோசம். அவசியம்கூட இல்லாமல் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

அந்த வாரம் அக்காவிடம் பேசும்போது, "பாஸ் குடுக்கறாங்கக்கா, ஆனா பஸ் ஓடல. கார் வெச்சு வரணும்னா ரொம்பக் கேக்கறான்" என்றேன்.

செப்டம்பர் 1 அன்று மாநிலத்துக்குள் இ-பாஸையே எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 7 முதல் மாவட்டங்களுக்கிடையே பஸ் ஓடத் தொடங்கியது. செய்தியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த மனைவி என் பக்கம் திரும்பி, "பஸ் விட்டுட்டாங்களாம். ஒரு நடை போயிட்டு வந்துடுங்க" என்றாள். அவளுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஏதோ கூட்டுச் சதி இருப்பதுபோல எரிந்து விழுந்தேன். ஆபீஸ் இப்போதுதான் திறந்திருக்கிறது, லீவு கேட்டால் வேலைக்கே உலை என்றேன். நான் லீவு கேட்டுப் பார்க்கவில்லை.

அக்கா என்னைக் குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது போயிருப்பேன். அவள் சொல்லவில்லை. போனில் எப்போதும் அதே பேச்சுதான். "பாத்து இரு தம்பி. சுகர் மாத்திரைய விட்டுறாத. ஒண்ணும் அவசரமில்ல, எல்லாம் சரியாவட்டும்." எல்லாம் சரியாகட்டும் என்ற அவள் வாக்கை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் சரியாகவில்லை என்று நிரூபிக்க எனக்குத் தினமும் ஒரு செய்தித்தாள் வந்துகொண்டிருந்தது.

நவம்பர் 14 தீபாவளி. துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் தீபாவளிக்கு முன்னால் பிறந்த வீட்டார் போய்த் துணியும் எண்ணெயும் வைத்துத் தலைமுழுகச் சொல்லிவிட்டு வருவது எங்கள் குடும்ப வழக்கம். துணி வாங்கினேன்கூட. அனுப்பவும் இல்லை, எடுத்துப் போகவும் இல்லை. "ஜிபேல போடறேன் அக்கா, நல்லதா ஒண்ணு எடுத்துக்க" என்றேன். அடுத்த வாரம் வருவதாக வாக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் நிவர் புயல் வந்தது. நவம்பர் 24 மதியத்திலிருந்து தஞ்சாவூர், புதுக்கோட்டை உட்பட ஏழு மாவட்டங்களில் பஸ்ஸை நிறுத்தினார்கள். புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி இரண்டே நாளில் பஸ் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. நான் அந்தப் புயலை டிசம்பர் கடைசி வரை ஓட்டினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது நான் இப்படி இருக்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை மொத்தமும் வேரோடு விழுந்து கிடந்தது. போன் இல்லை, கரண்ட் இல்லை. யாரும் சொல்லாமலே நான் கிளம்பினேன். மெழுகுவத்தி, தண்ணீர் கேன், தார்ப்பாய் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, மாறி மாறிக் கிடைத்த வண்டியில் ஏறி, கடைசியில் மரம் விழுந்த ரோட்டில் நடந்தே போய்ச் சேர்ந்தேன். அத்தான் தோப்பு வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எப்படி வந்தே?" என்றார். நான்தான் அது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஆள் எங்கே போனான் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கொரோனா அவனைக் கொன்றுவிட்டது என்று சொல்வது எனக்கு வசதி. ஆனால் கஜாவின்போது வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு ஒரு மரியாதையான காரணத்தை யாரும் தரவில்லை. தந்திருந்தால் அப்போதும் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

2021 பொங்கல். அக்கா வீட்டில் அந்த வருடம் பொங்கல் கிடையாது. சீர் கொண்டுபோக வேண்டியதில்லை. சும்மா போய் அவளோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருக்கலாம். ஜனவரி 13 'மாஸ்டர்' வெளியானது. முதலில் முழு இருக்கைக்கும் அனுமதி என்ற மாநில அரசு, மத்திய அரசு ஆட்சேபித்ததும் பாதி இருக்கைக்கே திரும்பியிருந்தது. பொங்கல் லீவில் அந்தப் பாதி இருக்கைகளில் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, பாப்கார்ன் தின்றுகொண்டு. அன்று காலையில்தான் அக்காவிடம், பஸ்ஸில் கூட்டம் நெருக்கியடிக்கிறது, இந்த நேரத்தில் ஏறினால் ஆபத்து என்று சொல்லியிருந்தேன். இடைவேளையில் போன் அடித்தது. அவள்தான். எடுக்கவில்லை.

அதே மாதத்தில்தான் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய் செலுத்த கூகுள் பே, போன் பே கியூஆர் கோடு அச்சடித்திருந்தது நாடெங்கும் செய்தியானது. ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, என் மனதில் இருந்ததை யாரோ அச்சடித்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. உறவுக்காரர்களின் கல்யாணங்களுக்கு ஐம்பது பேர் என்ற வரம்பு வந்தபோது, "உங்களைக் கூப்பிட முடியலயேன்னு வருத்தமா இருக்கு" என்று பேசியவர்களிடம் நானும் வருத்தப்பட்டிருக்கிறேன். போனை வைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். பஸ் டிக்கெட் இல்லை, பட்டு வேட்டி இல்லை, பெரியப்பா மகனுக்கு வேலை வாங்கித் தரச் சொல்லும் ஒன்றுவிட்ட மாமா இல்லை. வாழ்நாள் முழுக்க வேண்டாவெறுப்பாகச் சுமந்ததை அரசாங்கமே இறக்கி வைத்துவிட்டது. இப்படி நினைத்தது நான் ஒருவன் மட்டுமாக இருக்க முடியாது. ஆனால் மற்றவர்களுடைய வாக்குமூலத்தை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

இதையும் எழுதியாக வேண்டும். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் மறுபடி முழு ஊரடங்கு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் வாங்க இரவெல்லாம் மனிதர்கள் வரிசையில் கிடந்தார்கள். கூட்டம் தாங்காமல் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில், உள்ளே படுக்கை காலியாவதற்காக, நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. எங்கள் தெருவிலும் சாவு. ஊரடங்கு அறிவிப்பைக் கேட்ட அன்று எனக்கு முதலில் வந்தது பயமும் இல்லை, துக்கமும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஆடியில் அத்தானுக்கு முதல் திதி வருகிறது. இனி அதற்குப் போக வேண்டியிராது.

ஆனால் ஜூலை 5 முதல் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மாதிரித் தளர்வு கொடுத்துவிட்டார்கள். பஸ் ஓடியது. இ-பாஸ் இல்லை. திதிக்கு நாள் இருந்தது. நல்லவேளையாக எனக்குக் கோவிஷீல்டு இருந்தது. முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் 84 நாள் இடைவெளி வேண்டும் என்று மே மாதம்தான் விதி மாறியிருந்தது. "ரெண்டாவது ஊசி போடாம பிரயாணம் பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்க்கா" என்றேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், "நீ போகாம இருந்தது சோம்பேறித்தனம் இல்லப்பா, அக்காவை அந்தக் கோலத்துல பார்க்க உன்னால முடியல, அதான்" என்றார். பெருந்தன்மையான விளக்கம். கேட்கவும் சுகமாக இருந்தது. சில நாள் அதை நம்பியும் பார்த்தேன். எனக்கு அது பொருந்தவில்லை. பாசத்தால் போக முடியாதவன் போனையாவது எடுத்திருப்பான். முதலில் இருந்தது பயம். அது போனபிறகு செலவு. சம்பளம் முழுசாக வந்து செலவுக் கவலையும் போனபிறகு, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்ற கேள்வியின் முன்னால் நிற்க வேண்டுமே என்ற கூச்சம். ஒவ்வொரு தாமதமும் அடுத்ததைக் குட்டிபோட்டது. கொரோனா இவை எல்லாவற்றுக்கும் போர்வையாக இருந்தது.

2021 நவம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அதன்பிறகு ஒமைக்ரான் வந்து, ஜனவரியில் ஞாயிறு ஊரடங்கும் இரவு ஊரடங்கும் வந்து போயின. எனக்குக் கொஞ்ச நாள் ஓடியது. மார்ச் மாதக் கடைசியில், இனி கட்டுப்பாடுகள் எதுவும் தொடராது என்ற செய்தியைப் படித்தபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை. சித்திரையில் கிளம்பினேன். ஆள் திருந்திவிட்டான் என்று நினைக்க வேண்டாம். காரணம் தீர்ந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, போனில் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகனுக்கு அனுப்பிய அந்த நிராகரிப்புப் படம் கண்ணில் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரை வெட்டியிருந்தேன். சேருமிடம் என்ற வரியை வெட்டவில்லை. திருநெல்வேலி என்று இருந்தது. கம்பெனிக்காரர் திருநெல்வேலிக்குப் போக விண்ணப்பித்தவர்.

அவன் அதைப் பார்த்துத்தான் "சரி மாமா" என்று எழுதியிருக்கிறான்.

வாசலில் அக்காதான் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். துக்க வீட்டுக்கு முதல்முறை வருகிறவனை எப்படி வரவேற்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, அழுதுகொண்டே எப்படி உள்ளே நுழைவது என்று எனக்கும் தெரியவில்லை. சாவுக்குப் பிறகு இவ்வளவு காலம் கழித்து வருகிறவனுக்கு எந்த முறையும் வகுத்து வைக்கப்படவில்லை. "இப்ப பாஸ் கேக்கலையா தம்பி?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. "இல்லக்கா, அதெல்லாம் எப்பவோ எடுத்துட்டாங்க" என்றேன்.

சாப்பிட்டபிறகு அக்கா மகன் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக மொய் நோட்டை எடுத்துவைத்துப் பழைய பாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கு நோட்டைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. வாங்கிப் புரட்டினேன். அத்தானின் அச்சுக் கையெழுத்து பக்கம் பக்கமாக வந்து, ஓரிடத்தில் நின்று, பிறகு பையனின் கோணல் கையெழுத்து தொடங்கியது. முதல் பக்கமே அத்தானின் காரியம். மேலே முதல் வரி: சென்னை, தாய்மாமன், கோடி, தலைப்பாகை, ரூ. 5,001.

"இது யாரு?" என்றேன்.

"நீங்கதான் மாமா."

"நான் ஒண்ணும் அனுப்பலயேடா."

"அம்மா எழுதச் சொன்னுச்சு. பணத்தையும் அதுதான் எடுத்துக் குடுத்துச்சு. சபையில வாசிக்கும்போது பொறந்த வீட்டுப் பேரு விட்டுப்போச்சுன்னா நல்லாருக்காதுன்னு." அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. திருநெல்வேலியைப் பற்றிக் கேட்பானோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பி, அவன் தேடிய பாக்கியைக் கண்டுபிடித்துச் சின்னத் தாளில் குறித்துக்கொண்டான்.

என் சட்டைப் பையில் பணம் இருந்தது. செய்முறைக்காக எடுத்துப் போயிருந்தது. அதைக் கொடுக்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் இருந்தேன். கிளம்பும்போது அக்கா பையில் உரித்த தேங்காயை நிரப்பினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பணத்தோடும் தேங்காயோடும் சென்னைக்கு வந்து சேர்ந்தேன்.

2023 ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். அந்த மே மாதத்தோடு உலக சுகாதார நிறுவனமும் கோவிட் அவசரநிலை முடிந்தது என்று சொல்லிவிட்டிருந்தது. மண்டபம் கொள்ளாத கூட்டம். ஒரு முகத்திலும் கவசம் இல்லை. ஐம்பது பேர் வரம்பைக் கண்டு சந்தோஷப்பட்ட நான் வாசலில் நின்று, வந்தவர்கள் கையையெல்லாம் பிடித்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அக்காவும் மகனும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் நிறைய வந்ததால் மொய் மேசையில் ஊர் வழக்கப்படியே எழுதினார்கள், மைக்கில் வாசித்தார்கள்.

அவன் முறை வந்தபோது நான் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சின்னத் தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "பழைய பாக்கி 5,001. புதுசு 5,000" என்றான். எழுதுகிறவர் என்னைப் பார்த்தார், கணக்குச் சரியா என்பதுபோல. துக்கத்தில் வைத்ததைக் கல்யாணத்தில் திருப்புவதில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தான் வீட்டு நோட்டில் இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். நான் வைக்காததைத் திருப்ப வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கலாம். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். மணமேடைப் பக்கம் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள், மைக்கைக் கேட்டுக்கொண்டு.

தலையாட்டினேன். மைக்கில் வாசித்தார்கள். ராத்திரி மண்டபத்தைக் காலி செய்யும்போது சமையல்காரருக்குப் பாக்கி கொடுக்க வேண்டியிருந்தது. என் மனைவி மொய்ப் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தாள்.